ஓடும் உலாவிக்குள் லேஅவுட் இன்ஜினை மாற்றுதல்: பிளிங்கின் லேஅவுட் என்.ஜி. பணி, 2016–2022

இணையப் பக்கத்தில் எந்தப் பெட்டி எங்கே உட்கார வேண்டும், எந்தச் சொல்லோடு வரி முடிய வேண்டும், அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் எவ்வளவு அகலம் என்று கணக்கிடும் பகுதிதான் லேஅவுட். குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ் ஆகியவை பகிர்ந்துகொள்ளும் திறமூல இன்ஜினான பிளிங்கில் அந்தப் பகுதி முழுவதையும் மாற்றும் வேலை, லேஅவுட் என்.ஜி. (நெக்ஸ்ட் ஜெனரேஷன், அடுத்த தலைமுறை) என்ற பெயரில், 2016-இல் தொடங்கியது. முதல் துண்டு 2019 செப்டம்பரில் குரோம் 77-இல் பயனர்களைச் சேர்ந்தது. கடைசித் துண்டு 2022 நவம்பரில், குரோம் 108-இல். இதற்கிடையே முதலில் ஆறு வாரத்துக்கு ஒன்று, 2021 செப்டம்பருக்குப் பிறகு நான்கு வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் உலாவியும் வெளிவந்துகொண்டே இருந்தது.

இந்தப் பணி எடுத்த வரிசையும் காலமும் ஒரே ஒரு கேள்வியால் தீர்மானிக்கப்பட்டவை: பழைய இன்ஜினையும் புதியதையும் ஒரே பக்கத்தில் வைத்து ஓட்ட வேண்டுமென்றால், இரண்டுக்கும் நடுவில் எல்லைக்கோடு எங்கே? பெரும்பாலான இடங்களில் அந்தக் கோட்டை, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ். மொழியின் விதிகளே போட்டுக் கொடுத்தன. அங்கெல்லாம் வேலை நகர்ந்தது. ஓர் இடத்தில் அப்படிக் கோடே இல்லை. அங்கேதான் பணி வருடக்கணக்கில் நின்றது.

பழைய இன்ஜினில் என்ன கோளாறு

பிளிங்கின் மூதாதை, கே.டி.இ. என்ற திறமூல டெஸ்க்டாப் திட்டத்தின் உலாவி இன்ஜினான கே.எச்.டி.எம்.எல். ஆப்பிள் அதிலிருந்து வெப்கிட்டை உருவாக்கியது. 2013 ஏப்ரலில் கூகுள் வெப்கிட்டிலிருந்து பிளிங்கைப் பிரித்தது. இத்தனை கை மாறியும் லேஅவுட்டின் அடிப்படை வடிவம் மட்டும் மாறவில்லை. பக்கத்தின் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஆப்ஜெக்ட். அதற்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்ற உள்ளீடு, கணக்கின் நடுவே தேவைப்படும் தற்காலிக எண்கள், கடைசியில் கிடைத்த அகலம், உயரம், இருப்பிடம் எல்லாம் அந்த ஒரே ஆப்ஜெக்டில் எழுதப்படும். பெற்றோர் பெட்டி பிள்ளையின் புலங்களை மாற்றலாம். பிள்ளை பெற்றோரின் புலங்களைப் படிக்கலாம். எந்த எண் இந்தச் சுற்றில் எழுதப்பட்டது, எது போன சுற்றின் மிச்சம் என்று அறிய வழியில்லை.

ஒரு ஸ்டைல் மாறினால் முழுப் பக்கத்தையும் மறுபடி கணக்கிட முடியாது. அதற்கு நேரம் போதாது. அதனால் மாறிய பெட்டிகளில் ‘மறுகணக்கு தேவை’ என்று ஒரு கொடி ஏற்றுவார்கள். இங்கேதான் பிழைகள் முளைக்கின்றன. கொடி ஏற்ற வேண்டிய இடத்தை ஒரு கோட் பாதை மறந்துவிட்டால், திரையில் பழைய இருப்பிடம் அப்படியே நிற்கும். இணைய நிரலாளர்கள் பலருக்கு இதற்கான நாட்டு மருந்து தெரியும்: பெட்டியை டிஸ்ப்ளே நன் ஆக்கி மறை, அதன் இருப்பிட எண்ணான ஆஃப்செட்டை ஒருமுறை படி, மறுபடி பிளாக் ஆக்கு. அப்படிச் செய்ததும் சரியாகிவிட்டால் கோளாறு இன்ஜினில், உங்கள் கோட்டில் இல்லை.

இன்னொரு வகை இதைவிடக் கொடியது. ஒரு பெட்டியின் உயரத்தை ‘ஆட்டோ’விலிருந்து 200 பிக்சலுக்கு மாற்றி மீண்டும் ‘ஆட்டோ’வுக்கே கொண்டுவந்தால், தொடங்கிய படத்துக்கே திரும்ப வேண்டும். பழைய இன்ஜினில் சில சேர்க்கைகளில் அப்படித் திரும்பாது. இடைநிலையில் எழுதிய எண் ஏதோ ஒரு புலத்தில் தங்கியிருக்கும். அதாவது ஒரே எச்.டி.எம்.எல்., ஒரே சி.எஸ்.எஸ்., ஆனால் பயனர் எந்த வழியாக அந்த நிலைக்கு வந்தார் என்பதைப் பொறுத்துப் படம் மாறும். இந்தப் பிழை திரும்ப வராமல் காக்கும் சோதனை எழுதுவதே பெரும்பாடு.

இரண்டு வகைக்கும் கைக்கெட்டிய தீர்வு ஒன்றுதான்: சந்தேகம் வரும் இடங்களில் எல்லாம் கொடியைத் தாராளமாக ஏற்றிவிடுவது. அது பிழையை மறைக்கும்; பக்கத்தை மெதுவாக்கும். மெதுவானது என்று புகார் வந்ததும் கொடியைக் குறைப்பார்கள். பிழை திரும்ப வரும். சரியாக இருப்பதும் வேகமாக இருப்பதும் ஒன்றையொன்று தின்னும் இந்தச் சுழலிலிருந்து சின்னச் சின்னத் திருத்தங்களால் வெளியே வர முடியாது. மறு எழுத்துக்குக் கிடைத்த நியாயம் இதுதான். கோட் பழையது, அழகாக இல்லை என்பதெல்லாம் இத்தனை ஆண்டு உழைப்புக்குப் போதுமான காரணமாகாது.

புதிய ஒப்பந்தம்

என்.ஜி.யின் மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: லேஅவுட் ஒரு ஃபங்ஷன். உள்ளே போவது ஒரு பெட்டியும் அதன் ஸ்டைலும் ஒரு ‘கன்ஸ்ட்ரெயின்ட் ஸ்பேஸ்’ உம். வெளியே வருவது ஒரு ‘ஃபிராக்மென்ட்’. பெட்டி, தன் பெற்றோரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாம் கன்ஸ்ட்ரெயின்ட் ஸ்பேஸில் இருந்தாக வேண்டும்: கிடைக்கும் அகலம், உயரம், சதவீதங்களைக் கணக்கிட அடிப்படையாகும் அளவு, எழுத்து ஓடும் திசை, பக்கத்தில் ஃப்ளோட்கள் (ஓரமாக ஒதுங்கி, எழுத்தைத் தம்மைச் சுற்றி ஓடவிடும் பெட்டிகள்) அடைத்துக்கொண்ட இடம், பக்கம் முடிய இன்னும் எவ்வளவு உயரம் மிச்சம். பிள்ளை மேலே எட்டிப் பார்க்கக் கூடாது. வெளியே வரும் ஃபிராக்மென்ட் உருவான பிறகு மாற்ற முடியாதது. அதில் தன் இருப்பிடம்கூடக் கிடையாது. பிள்ளை எங்கே இருக்கிறது என்பதைப் பெற்றோரின் ஃபிராக்மென்ட்தான் வைத்திருக்கும். ஆகவே ஒரு பெட்டி நகர்ந்தால் அதன் உள்ளடக்கத்தை மறுபடி கணக்கிட வேண்டியதில்லை. அதே ஃபிராக்மென்ட்டை வேறு இடத்தில் வைத்தால் போதும்.

இந்தக் கட்டுப்பாட்டால், பழைய விடையைச் சேமித்து வைக்கும் கேஷ் நேர்மையாகிறது. பழைய கன்ஸ்ட்ரெயின்ட் ஸ்பேஸும் புதியதும் ஒன்றே, ஸ்டைலும் மாறவில்லை என்றால் பழைய ஃபிராக்மென்ட் செல்லும். ஒன்றாக இல்லாவிட்டாலும், வேறுபாடு இந்தப் பெட்டியைப் பாதிக்குமா என்று ஆராயலாம். அகலம் 300 பிக்சல் என்று ஸ்டைலிலேயே இருந்தால், பெற்றோர் 900-இலிருந்து 800 ஆனதால் என்ன வந்தது?

ஃப்ளோட் இருக்கும் இடத்தில் மட்டும் இந்த ஆராய்ச்சி சிக்கலாகும். ஒரு பத்தி 40 பிக்சல் கீழே இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். அதன் அகலம் மாறவில்லை, எழுத்தும் மாறவில்லை. ஆனால் இறங்கியதால் இப்போது ஒரு ஃப்ளோட் படத்தின் பக்கத்தில் வந்துவிட்டது. வரிகள் எல்லாம் சுருங்க வேண்டும். ஆகவே கேஷைக் கேட்கும்போது, பழைய இருப்பிடத்திலும் புதிய இருப்பிடத்திலும் அந்தப் பத்தி ஃப்ளோட்களுக்கு முற்றிலும் கீழே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்தக் கேள்வியை விட்டால் படம் தவறும். எப்போதும் ‘செல்லாது’ என்று பதில் சொன்னால், ஒரே ஒரு ஃப்ளோட் உள்ள நீளமான கட்டுரையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லாப் பத்தியும் மறுகணக்காகும்.

எல்லைக்கோடு

சி.எஸ்.எஸ்.ஸில் ‘ஃபார்மேட்டிங் கான்டெக்ஸ்ட்’ என்றொரு கருத்து உண்டு. பிள்ளைகளை வரிசையாக அடுக்கி நீட்டிச் சுருக்கும் ஃப்ளெக்ஸ் பெட்டியின் பிள்ளை, அட்டவணையின் ஒரு கட்டம், ஸ்க்ரோல் ஆகும் பெட்டி, ஃப்ளோட் ஆகியவை ஒவ்வொன்றும் தனித்தனி உலகம். உள்ளே இருக்கும் ஃப்ளோட் வெளியே வழியாது. உள்ளே இருக்கும் மார்ஜின் வெளி மார்ஜினோடு ஒட்டாது. வெளியிலிருந்து பார்த்தால் அது அகலமும் உயரமும், எழுத்துகள் உட்காரும் அடித்தளக் கோடும் உள்ள ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

புதிய இன்ஜினையும் பழையதையும் பிரிக்க இதைவிட நல்ல கோடு கிடைக்காது. பழைய ஃப்ளெக்ஸ் கோட், உள்ளே இருக்கும் பிள்ளையை என்.ஜி.யிடம் கொடுத்து ‘இந்த அகலத்தில் கணக்கிடு’ என்று கேட்கலாம். என்.ஜி. பத்திக்குள் ஒரு பழைய அட்டவணை வந்தால், என்.ஜி. அதைப் பழைய கோட்டிடம் கொடுத்து அளவை வாங்கி ஒரு ஃபிராக்மென்ட்டாகப் பொட்டலம் கட்டிக்கொள்ளலாம். ஆனால் பெட்டிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கப்படும் ஒரே பிளாக் ஃபார்மேட்டிங் கான்டெக்ஸ்டின் உள்ளே பாதி பழையது, பாதி புதியது என்பது நடக்காது. ஃப்ளோட்களும் ஒட்டும் மார்ஜின்களும் பெட்டிக்குப் பெட்டி தாண்டி ஓடும். இரண்டு இன்ஜினும் அவற்றை வெவ்வேறு வடிவில் வைத்திருக்கின்றன. பிளாக்கும் வரிகளும் முதலில், ஒரே மூச்சில், குரோம் 77-இல் போனதற்குக் காரணம் இதுதான். ஃப்ளெக்ஸ், அட்டவணை, பெட்டிகளைக் கட்டங்களில் அடுக்கும் கிரிட் எல்லாம் தனித்தனி உலகங்கள் என்பதால் பிறகு ஒவ்வொன்றாக மாற முடிந்தது: ஃப்ளெக்ஸ் குரோம் 84-இல், அட்டவணை 91-இல், கிரிட் 93-இல். கிரிட்டை எழுதியது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் எட்ஜ் குழு.

எல்லைக்கோட்டுக்கு வாடகையும் கொடுக்க வேண்டியிருந்தது. திரையில் வரையும் பகுதியான பெயின்ட், மவுஸ் எங்கே கிளிக் ஆனது என்று தேடும் பகுதி, ஜாவாஸ்கிரிப்டுக்கு அளவு சொல்லும் பகுதி எல்லாம் பழைய ஆப்ஜெக்டின் புலங்களையே படித்துக்கொண்டிருந்தன. அவற்றையும் அதே நாளில் மாற்றினால் பணி வெளியே வரவே வராது. அதனால் என்.ஜி. ஒவ்வொரு ஃபிராக்மென்ட்டையும் உருவாக்கிய பிறகு, அதன் எண்களைப் பழைய ஆப்ஜெக்டுக்கு நகலெடுத்து எழுதும் ஒரு படி சேர்க்கப்பட்டது. மாற்ற முடியாதது என்று பெருமைப்படும் அமைப்பு, கடைசியில் மாற்றக்கூடிய மரம் ஒன்றில் எழுதி முடிக்கிறது. பார்க்க உறுத்தும். ஆனாலும் அது சரியான முடிவு. படிப்பவர்கள் ஒவ்வொருவராக ஃபிராக்மென்ட் மரத்துக்கு இடம் மாற, அந்த நகல் படியும் புலம் புலமாகத் தேய்ந்தது.

வரியும் எழுத்தும்

தமிழில் இணையத்தைப் படிப்பவருக்கு நேரடியாகப் பட்ட பகுதி இது. பழைய இன்ஜின், எழுத்துருவைக் கொண்டு எழுத்துகளை உருவங்களாக்கும் வேலையைச் சொல் சொல்லாகவும், பக்கத்தின் எச்.டி.எம்.எல். மரத்தில் உள்ள டெக்ஸ்ட் நோட் நோடாகவும் செய்தது. ‘கொ’ என்பதில் ‘க’ கறுப்பிலும் உயிர்க்குறி சிவப்பிலும் வர வேண்டுமென்று இலக்கணப் பாடம் எழுதும் ஆசிரியர் குறியை மட்டும் ஸ்பான் என்ற எச்.டி.எம்.எல். உறுப்புக்குள் போட்டால், குறி தனி நோடாகிவிடும். இந்த உருவாக்கத்தைச் செய்யும் ஹார்ஃப்பஸ் நூலகத்துக்கு அடி எழுத்தே தெரியாது. புள்ளி வட்டம் ஒன்றைச் செருகி அதன் இருபுறமும் குறியை வரையும். அரபியில் இன்னும் மோசம்: சொல்லின் நடுவே ஸ்பான் வந்தால் எழுத்துகளின் இணைப்பே அறுந்துவிடும்.

என்.ஜி. ஒரு பத்தியின் எல்லா உள்வரி உள்ளடக்கத்தையும் ஒரே நீண்ட சரமாக்குகிறது. நடுவே வரும் படங்களுக்குப் பதில் ஓர் இடப்பிடிப்பு எழுத்து. சரத்தின் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை எந்த ஸ்பானுக்கு உரியது என்று ஒரு பட்டியல். பிறகு யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐ.சி.யு. நூலகம் வலமிருந்து இடம் ஓடும் பகுதிகளைப் பிரிக்கும். எழுத்துரு, எழுத்துமுறை, திசை மூன்றும் ஒத்துப்போகும் நீளமான பகுதிகள் ஸ்பான் எல்லைகளைத் தாண்டி ஹார்ஃப்பஸுக்குப் போகும். புள்ளி வட்டம் மறைந்தது. ஆனால் ஆசிரியர் கேட்ட இருவண்ணம் இதனால் வந்துவிடாது: பல எழுத்துகள் சேர்ந்து ஒரே உருவக் கொத்தானால், முதல் எழுத்து எந்த ஸ்பானில் இருக்கிறதோ அதற்கே கொத்து முழுவதும் சொந்தம். ‘கொ’ முழுவதும் கறுப்பு. இரு ஸ்பான்களுக்கு நடுவே பேடிங்கோ பார்டரோ இருந்தால் அங்கே உருவாக்கம் துண்டிக்கப்படும். பழைய தொல்லை திரும்ப வரும். தமிழ் எழுத்துகளுக்கு நடுவே ஸ்பான் போடுபவர்கள் அதற்குப் பேடிங் கொடுக்காமல் இருப்பது நல்லது.

உருவாக்கத்துக்கும் வரி உடைத்தலுக்கும் இப்படி இடைவெளி விட்டதால் வேகமும் கிடைத்தது. ஜன்னலின் அகலம் மாறினால் உருவங்கள் அப்படியே இருக்கும். உடைக்கும் இடம் மட்டும் மாறும். உடைத்த இடத்தில் உருவம் மாறுமா என்பதை ஹார்ஃப்பஸ் 1.5.0 முதல் ஒவ்வொரு உருவத்தோடும் ஒரு கொடியாகச் சொல்கிறது. ‘இங்கே உடைத்தால் பாதுகாப்பில்லை’ என்ற கொடி இருந்தால், அதிலிருந்து அடுத்த பாதுகாப்பான இடம் வரை மட்டும் மறு உருவாக்கம்; மற்றதெல்லாம் வெட்டி ஒட்டுவது. தமிழில் சொல் இடைவெளிகள் பெரும்பாலும் பாதுகாப்பானவை. ஆகவே நீளமான தமிழ்ப் பத்தியில் அகலம் மாறும்போது ஹார்ஃப்பஸைக் கூப்பிடவே வேண்டியிருக்காது.

முதல் வடிவில் வரிகளின் உள்ளே ஒவ்வொரு டெக்ஸ்ட் துண்டுக்கும் மரத்தில் ஒரு தனி முடிச்சு இருந்தது. நினைவகம் வீங்கியது. பிறகு அதை மரத்தின் வரிசையிலேயே அடுக்கிய ஒரே தட்டையான பட்டியலாக மாற்றினார்கள். ஒவ்வொரு உறுப்பும் தன் கீழ் எத்தனை உறுப்புகள் என்ற எண்ணை வைத்திருக்கும், கிளையைத் தாண்ட அந்த எண்ணைக் கூட்டினால் போதும். வரிகளைக் கடந்து போகும் பெயின்ட்டும், எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையும் இதனால் வேகம் பெற்றன.

இரட்டிப்பு

ஃப்ளெக்ஸ் பெட்டி தன் பிள்ளையை இரண்டு முறை கணக்கிடுகிறது: இயல்பான உயரம் என்ன என்று அளக்க ஒருமுறை, எல்லாப் பிள்ளைகளிலும் உயரமானதற்குச் சமமாக நீட்ட மறுமுறை. அந்தப் பிள்ளையும் ஒரு ஃப்ளெக்ஸ் என்றால் அதன் பிள்ளைக்கு நான்கு முறை. 10 அடுக்கில் 1,024. 20 அடுக்கில் 10 லட்சத்தைத் தாண்டும். காம்பொனென்ட்டுக்குள் காம்பொனென்ட்டாக அடுக்கும் இன்றைய வலைச்செயலிகளில் 10 அடுக்கு அரிதே அல்ல. பழைய இன்ஜினில் ஒரே ஆப்ஜெக்டில் ஒரு விடைக்கு மட்டுமே இடம். அளந்த விடையை நீட்டிய விடை அழிக்கும்; அடுத்த சுற்றில் மறுபடி அளக்க வேண்டும். இதைத் தடுக்கச் சிறப்பு விதிகளைப் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு புதிய விடுபட்ட கொடிப் பிழையைக் கொண்டுவந்தது.

என்.ஜி.யில் ஒவ்வொரு பெட்டிக்கும் அளந்த விடைக்கு ஒரு கேஷ், இறுதி விடைக்கு ஒரு கேஷ் என்று இரண்டு இடங்கள். இரண்டும் மாற்ற முடியாத ஃபிராக்மென்ட்கள் என்பதால் ஒன்றையொன்று கெடுக்காது. அடுக்கு எத்தனை ஆனாலும் வேலை பெட்டிகளின் எண்ணிக்கைக்கு ஒத்த அளவிலேயே வளரும். கேஷ் தவறும் ஒரே ஒரு நிபந்தனை நுழைந்தாலும் இரட்டிப்பு சத்தமில்லாமல் திரும்ப வந்துவிடும் என்பதை இதில் கை வைப்பவர்கள் மறக்கக் கூடாது. கன்ஸ்ட்ரெயின்ட் ஸ்பேஸில் ஒரு புதிய புலம் சேர்த்தால், ஆழமாக அடுக்கிய ஃப்ளெக்ஸ் சோதனையின் நேரத்தைப் பார்த்தாக வேண்டும்.

அட்டவணையைப் பற்றி ஒன்று மட்டும். பிளிங்க் ஒரு பிக்சலை 64 கூறாகப் பிரித்து எண்ணும். பழைய அட்டவணை கோட் மட்டும் முழுப் பிக்சல்களில் எண்ணியது. 100 பிக்சலை மூன்றாகப் பிரித்தால் ஒரு நெடுவரிசை 34 ஆகிவிடும். புதிய கோட் அந்தப் பின்னத்தை வைத்துக்கொண்டது. அட்டவணையின் தலைப்பு வரிசையை ஸ்க்ரோலில் ஒட்டி நிற்க வைப்பதும் அப்போதுதான் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கியது.

சோதனை

கிளை பிரித்துத் தனியே வளர்த்துக் கடைசியில் சேர்க்கும் வழி எடுபடாது. குரோமின் திறமூல அடிப்படையான குரோமியத்தின் முதன்மைக் கிளை நாள்தோறும் நகர்கிறது. எல்லாம் முதன்மைக் கிளையிலேயே, நிரல் ஓடும்போதே ஏற்றி இறக்கக்கூடிய இயக்க நேரக் கொடி ஒன்றின் பின்னால் எழுதப்பட்டது. சோதனைத் தொகுப்பைக் கொடி அணைந்த நிலையில் ஒருமுறை, ஏற்றிய நிலையில் ஒருமுறை என்று ஓட்டி, இரண்டாவதில் தோற்பவற்றைத் தனிக் கோப்பில் எழுதி வைப்பார்கள். அந்தக் கோப்பின் நீளமே வேலையின் மிச்சம்.

தோற்ற சோதனை எல்லாம் பிழை அல்ல என்பதுதான் அன்றாடத் தலைவலி. கே.எச்.டி.எம்.எல். காலத்துப் பாணியில், லேஅவுட் மரத்தை டெக்ஸ்டாக அச்சிட்டுப் பழைய விடையோடு ஒப்பிடும் சோதனைகள் ஏராளம். புதிய கோட்டில் வகுப்பின் (கிளாஸ்) பெயரிலேயே என்.ஜி. என்ற இரண்டு எழுத்து சேர்ந்ததால், படம் சரியாக இருந்தும் அச்சு வேறாகும். அதே பக்கத்தை வேறு எளிய சி.எஸ்.எஸ்.ஸால் வரைந்து, இரண்டு படமும் ஒன்றா என்று பார்க்கும் ரெஃப்டெஸ்ட் இந்த வம்பில் மாட்டாது. உலாவிகள் எல்லாம் பகிரும் வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ் தொகுப்பில் அவற்றைச் சேர்த்ததால் ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் அதே சோதனையை எழுதும் வேலையிலிருந்து தப்பின.

சோதனைகள் தேறிய பிறகும் ஒரேயடியாக எல்லோருக்கும் திறக்கவில்லை. கேனரி, டெவ், பீட்டா என்ற முன்னோட்ட வெளியீடுகளில் படிப்படியாக, ஒவ்வொன்றிலும் பயனர்களில் ஒரு பங்குக்கு மட்டும் கொடியை ஏற்றி, செயலிழப்பையும் வேகத்தையும் கொடி ஏறாதவர்களோடு ஒப்பிட்டார்கள். தொல்லை என்றால் புதிய வெளியீடு இல்லாமலே கொடியை இறக்கலாம்.

பக்கம் உடைக்கும் இடம்

கோடு இல்லாத இடம் என்று சொன்னது இதைத்தான். அச்சிடும்போது உள்ளடக்கம் பக்கங்களாக உடைய வேண்டும். பல நெடுவரிசை அமைப்பில் நெடுவரிசைகளாக உடைய வேண்டும். உடைப்பு எந்த ஃபார்மேட்டிங் கான்டெக்ஸ்டையும் மதிக்காது. பிளாக்குக்குள் ஃப்ளெக்ஸ், அதற்குள் அட்டவணை, அதற்குள் பத்தி என்று நேராக உள்ளே இறங்கும். வழியில் உள்ள ஒவ்வொரு லேஅவுட் வகையும் பாதியில் நிற்கவும், அடுத்த பக்கத்தில் விட்ட இடத்தில் தொடரவும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றுக்குத் தெரியாவிட்டாலும் சங்கிலி அறுந்துவிடும். அதனால் பல நெடுவரிசைக்குள் வந்தவை எல்லாம், அச்சிடும்போது முழு ஆவணமும், பழைய இன்ஜினுக்கே திருப்பி அனுப்பப்பட்டன.

பழைய முறை, முழு உள்ளடக்கத்தையும் ஒரே நீளப் பட்டையாகக் கணக்கிட்டு, வரையும்போது பட்டையைக் கிடைமட்டமாக வெட்டி நெடுவரிசைகளில் ஒட்டுவது. வெட்டு பெட்டியைக் கேட்காமல் விழும். நிழல் நடுவில் அறுபடும், ஒரு நெடுவரிசையிலிருந்து வெளியே நீளும் பகுதி அடுத்ததில் எட்டிப் பார்க்கும்.

என்.ஜி.யில் இடம் தீர்ந்ததும் பெட்டி இரண்டு பொருள்களைத் திருப்பித் தருகிறது: இதுவரையிலான ஃபிராக்மென்ட், ஒரு ‘பிரேக் டோக்கன்’. எவ்வளவு உயரம் செலவாயிற்று, எந்தப் பிள்ளைகள் பாதியில் நிற்கின்றன, அவற்றின் டோக்கன்கள் என்ன என்று டோக்கனே ஒரு மரம். அடுத்த பக்கத்தில் அதைக் கையில் கொடுத்து மறுபடி கூப்பிடுவார்கள். அட்டவணை வரிசையில் இது நுணுக்கமாகிறது: ஒரு கட்டம் இந்தப் பக்கத்திலேயே முடிந்திருக்கும், பக்கத்துக் கட்டம் மூன்று பக்கம் ஓடும். முடிந்த கட்டத்துக்கு டோக்கன் கிடையாது. டோக்கன் இல்லை என்பது ‘முடிந்துவிட்டது’ என்றும் பொருள்படும், ‘இன்னும் தொடங்கவில்லை’ என்றும் பொருள்படும்! இரண்டையும் குழப்பினால் முடிந்த பிள்ளை அடுத்த பக்கத்தில் மறுபடி முளைக்கும். அதனால் பெற்றோரின் டோக்கனில் ‘எல்லாப் பிள்ளையையும் பார்த்தாகிவிட்டது’ என்று தனிக்குறி வைக்க வேண்டியிருந்தது.

எங்கே உடைப்பது என்பதற்கும் தரவரிசை உண்டு. குறையே இல்லாத இடம். பத்தியின் தலையிலோ வாலிலோ குறைந்தது இத்தனை வரி என்ற விதியை மீறும் இடம். ‘இங்கே உடைக்காதே’ என்ற கட்டளையை மீறும் இடம். வேறு வழியே இல்லாத இடம். 1,000 பிக்சல் உயரப் பக்கத்தில் 960-இல் ஒரு தலைப்பு, உயரம் 30, அதன் பின் உடைக்கக் கூடாது என்று கட்டளை. அடுத்த பத்தியின் முதல் வரி 24 பிக்சல். மிச்சம் இருப்பதோ 10. இங்கே உடைத்தால் கட்டளை மீறல். தலைப்புக்கு முந்தைய இடத்தை, குறையில்லாத உடைப்பு என்று வழியிலேயே குறித்து வைத்திருப்பதால், இன்ஜின் அந்தக் கணக்கைக் கைவிட்டு, அதே பக்கத்தை மேலிருந்து தொடங்கி, இம்முறை தலைப்புக்கு முன்பே உடைக்கிறது. மாற்ற முடியாத ஃபிராக்மென்ட்டின் அருமை இங்கே தெரியும்: தூக்கி எறிந்த கணக்கு எந்த ஆப்ஜெக்டிலும் கறை விடாது.

நெடுவரிசைகளைச் சமப்படுத்துவதும் இதே பலத்தில்தான். 20 பிக்சல் உயரத்தில் 100 வரி, மூன்று நெடுவரிசை. முதல் ஊகம் 2,000-இல் மூன்றில் ஒன்று, ஏறத்தாழ 666.67. ஒவ்வொன்றிலும் 33 வரிதான் ஏறும். ஒரு வரி மிஞ்சி நான்காவது நெடுவரிசை முளைக்கும். எந்த நெடுவரிசையிலாவது இன்னும் ஒரு வரி ஏற எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் 13.33. அதைக் கூட்டி 680-இல் மறுபடி ஓட்டினால் 34, 34, 32. ஏறாவிட்டால் அடுத்த குறைந்தபட்சப் பற்றாக்குறை, அடுத்த சுற்று.

அப்சல்யூட் இருப்பிடம் கொண்ட பெட்டிகள், அதாவது வழக்கமான ஓட்டத்திலிருந்து விலகித் தாங்கும் பெட்டியை வைத்து இடம்பிடிப்பவை, கடைசிவரை படுத்தின. அவை எங்கே விழும் என்பது அவற்றைத் தாங்கும் பெட்டி எத்தனை நெடுவரிசைகளில் உடைந்தது என்று தெரிந்த பிறகே தெரியும். ஆகவே எல்லா நெடுவரிசையும் முடியும்வரை அவற்றை நிறுத்திவைத்து, பல நெடுவரிசைப் பெட்டியின் மட்டத்தில் கணக்கிட்டு, உரிய நெடுவரிசையின் நேர்ப் பிள்ளையாகச் செருகுகிறார்கள். நீளமான பெட்டி என்றால் அதுவே புதிய நெடுவரிசைகளை உண்டாக்கிவிடும்.

இத்தனையும் 2022-இல் வரிசையாக வெளியே வந்தன: பிளாக் உடைப்பு குரோம் 102-இல், ஃப்ளெக்ஸும் கிரிட்டும் 103-இல், அட்டவணை 106-இல், அச்சு 108-இல். இரண்டு இன்ஜின் ஓடுவதன் விலை அந்த இடைவெளியில் வெளிப்படையாகவே தெரிந்தது. தாங்கும் பெட்டியின் அளவைப் பொறுத்து ஸ்டைலை மாற்ற உதவும் கன்டெய்னர் க்வெரிகள் என்.ஜி.யை நம்பிக் கட்டப்பட்டவை. ஒரு பெட்டியின் அளவு தெரிந்த பிறகே அதன் பிள்ளைகளின் ஸ்டைலைத் தீர்மானிக்க வேண்டும். அவை 105-இல் வெளியானபோது, பல நெடுவரிசைக்குள் இருக்கும் அட்டவணையில் வேலை செய்யவில்லை. அந்தச் சேர்க்கை அப்போதும் பழைய இன்ஜினின் கையில் இருந்தது.

108-க்குப் பிறகு

பழைய லேஅவுட் கோட் நீக்கப்பட்டது. வகுப்புப் பெயர்களில் ஒட்டியிருந்த என்.ஜி. என்ற முன்னொட்டும் பிறகு உதிர்ந்தது. பிரித்துச் சொல்ல வேறொன்று இல்லை. கணிதச் சமன்பாடுகளை எழுதும் மேத் எம்.எல். மொழிக்கான இகாலியா நிறுவனத்தின் செயலாக்கம் 109-இல் இதே அஸ்திவாரத்தில் வந்தது, உள்ளே இருக்கும் கிரிட் வெளி கிரிட்டின் கோடுகளைப் பகிரும் சப்கிரிட் 117-இல்.

114-இல் வந்த ‘டெக்ஸ்ட் ராப் பேலன்ஸ்’ அளவில் சின்ன அம்சம். தலைப்பின் வரிகள் ஏறக்குறைய ஒரே நீளமாக வர வேண்டும். அதற்காக வரி எண்ணிக்கை கூடாத மிகக் குறுகிய அகலத்தைப் பாதி பாதியாகக் குறுக்கித் தேடுகிறார்கள். ஒவ்வொரு தேடலும் ஒரு முழு வரி உடைப்பு என்பதால் குரோமியம் இதை 6 வரிக்கு மேற்பட்ட பத்திகளில் செய்வதில்லை. நீண்ட சொற்களைக் கொண்ட தமிழ்த் தலைப்பில் கடைசி வரியில் ஒரே சொல் தொங்குவது வழக்கம். உங்கள் தளத்தின் தலைப்புகளுக்கு இந்தப் பண்பைக் கொடுத்து, கைபேசி அகலத்தில் ஒருமுறை பாருங்கள்.